தண்ணீர் வராத நாள்

அத்தியாயம் 5

"கொஞ்சம் ஃபேன் போடும்மா, புண்ணியமாப் போகும்" என்றான் முனிராஜ்.

"போடக் கூடாதுங்க" என்றாள் சுசித்ரா.

"கரண்ட் இல்லையா?"

"ஈ.பி. கரண்ட் ஒரு மணிக்குப் போச்சுங்க. நாலு மணிக்குத்தான் வரும். இப்ப ஓடறது சோலார். அதுல கம்ப்யூட்டரும் இன்டர்நெட் பெட்டியும் மட்டும்தான் ஓடலாம். ஃபேன் போட்டா பேட்டரி தாங்காதுன்னு சென்டரை நடத்தற டிரஸ்ட்டுல எழுதி ஒட்டியிருக்காங்க."

ஒட்டித்தான் இருந்தது. அதற்குக் கீழே சாயம் போன ஒரு பழைய பலகை. செருப்புடன் உள்ளே வராதீர். கை கழுவி வரவும். பவுடர், சென்ட் பூசி வராதீர்.

"பவுடர் போட்டா கம்ப்யூட்டர் தும்முமா?"

"அது பழைய போர்டுங்க. முன்னே இது பட்டுப்புழு வளர்த்த கொட்டகை. புழுவுக்குத்தான் வாசனை ஆகாது."

யாரும் சிரிக்கவில்லை. முனிராஜ் தன் விரலை மடக்கிக்கொண்டான். காலையிலிருந்து சிரிப்பு வராத நகைச்சுவைகளை எண்ணிக்கொண்டு வருகிறான். இது ஆறாவது.

ராசாத்தி எதிலும் சேர்ந்துகொள்ளாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ். கை நீட்டினால் சூடு தெரிகிற உயரம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு செருப்பு கம்பெனி வாசலில் பதினெட்டு வருஷம் பெண்களைத் தடவிச் சோதித்து அனுப்பிய கை அவளுடையது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், துப்பறியும் நிலையம் என்று போர்டு வைத்திருக்கிறாள். முனிராஜ் வண்டி ஓட்டுவான், மூன்று பாஷை பேசுவான், மூன்றிலும் வாயாடுவான்.

"சுசித்ரா, நாங்க யாருன்னு தெரியுமா?" என்றாள் ராசாத்தி.

"தெரியுங்க. டிரஸ்ட்டு ஆபீசர் பூபதி சார் போன்ல சொன்னாரு."

"எதுக்கு வந்திருக்கோம்னு?"

"நான் ஒயரைப் புடுங்கறேன்னு கண்டுபிடிக்க."

கோபமில்லை, அழுகையில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். வயது இருபத்துநாலு இருக்கும்.

பூபதி காலையில் ஓசூரில் வைத்துச் சொன்னதும் அதுதான். "காளேகுட்டை கம்ப்யூட்டர் சென்டர்ல மாசி வரைக்கும் எல்லாம் நல்லா ஓடுச்சு. பங்குனி பொறந்ததிலேருந்து மத்தியானம் ஆனா இணைப்பு போயிடுது. பேட்டரி மாத்தியாச்சு, பெட்டியை மாத்தியாச்சு. எங்க டெக்னீஷியன் நாலு தடவை காலையில வந்தாரு. அவர் வந்தா ஜோரா வேலை செய்யுது. மத்தியானத்துல உள்ளே இருக்கறது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். புருஷன் செத்து எட்டு மாசம் ஆவுது, பாவம்தான். ஒயரைப் புடுங்கிட்டுப் படுத்துக்குது போல. ஒரு அத்தாட்சி மட்டும் புடிச்சுக் குடுங்க. மூணு மணிக்குக் கடிதத்தோட வந்துடறேன். பொண்ணை நிறுத்திட்டு, கம்ப்யூட்டர், சோலார் தகடு எல்லாத்தையும் பாரூருக்கு மாத்தறதா முடிவு."

இப்போது மணி ஒன்று இருபது.

"நான் புடுங்கலைன்னு அவர்கிட்டச் சொன்னியா?"

"ஒரு தடவை சொன்னேங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அலுப்பா இருந்துச்சுங்க."

"வேலை போனா என்ன பண்ணுவே?"

"தெரியலீங்க. இந்தக் கொட்டகை எங்க அத்தையோடது. இங்க சென்டர் இருக்கறதால நான் இந்த வீட்டுல இருக்கேன். இல்லைன்னா எதுக்கு இருக்கேன்னு கேப்பாங்க இல்லீங்களா. சொல்லத் தெரியாது."



"இணைப்பு போற நேரம் எதையாவது எழுதி வெச்சிருக்கியா?"

சுசித்ரா நோட்டை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு தேதிக்கும் நேராகப் போன நேரம், வந்த நேரம். ராசாத்தி விரல் வைத்துப் படித்தாள்.

"எல்லா நாளும் ஒண்ணே முக்கால், ஒண்ணு அம்பதுக்குப் போகுது. ஆனா வர்ற நேரம் மட்டும் மாறுதே. ஒம்பதாம் தேதி மூணு இருபதுக்கே வந்துடுச்சு. அன்னிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. அனல் காத்து அடிச்சுது."

"பதினொண்ணாம் தேதி ஆறு மணி வரைக்கும் வரலை?"

"அன்னிக்கு மப்பும் மந்தாரமுமா இருந்துச்சு. ரெண்டு தூறல் போட்டுது."

"அக்கா, வெயில் பார்த்து டூட்டி முடிக்கிற திருடன்" என்றான் முனிராஜ். "கம்பெனியில கூட இப்படி ஷிப்ட் இல்லை."

ஏழாவது விரல் மடங்கியது.

"பதினாறாம் தேதிக்கு நேரா ஒண்ணும் எழுதலையே?"

"அன்னிக்குப் போகவே இல்லீங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு."

"என்ன நடந்துச்சு அன்னிக்கு?"

சுசித்ரா யோசித்தாள். யோசிப்பதற்கே களைப்பாக இருந்தது போலத் தெரிந்தது. "ஒண்ணும் நடக்கலீங்க."

"இணைப்பு போகும்போது கம்ப்யூட்டர் அணையுதா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடும். பெட்டியில இந்தப் பச்சை லைட்டு மட்டும் அணைஞ்சு போகும். புள்ளைங்க கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட வந்து உக்காந்திருப்பாங்க. பார்த்துட்டுப் போயிடுவாங்க."

"அப்ப சோலார் மேல தப்பில்லை. பேட்டரி மேலயும் தப்பில்லை. பாவம், நாலு தடவையும் அதையே மாத்தியிருக்காங்க. முனிராஜு, வெளியே வா."

கொட்டகையின் மேற்குச் சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் ஆன்டெனா. குருபரப்பள்ளி டவரைப் பார்த்து மாட்டியிருந்தது. அதற்கு மேலே கூரை ஓரத்தில், காளேகுட்டையில் எல்லா வீட்டிலும் இருப்பதைப் போல, கோணிச் சாக்குகளைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள்.

"இவ்வளவு தாழ்வா ஏன் மாட்டினாங்க?"

"ஏணி எட்டின உயரம் இதுவா இருக்கும் அக்கா. மேலே வெயில், இங்கே நிழல். டெக்னீஷியனும் மனுஷன்தானே."

"கல்லு மேல ஏறி அதைத் தொட்டுப் பாரு."

அவன் ஏறித் தொட்டான். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்தான்.

"சீ, எதை வேணாலும் வாயில வைப்பியா?"

"உப்பு அக்கா. ஊறுகாய்க்கு ஆகும். பெட்டி பூரா கோடு கோடா வடிஞ்சு காய்ஞ்சிருக்கு."

"மழைத் தண்ணியில உப்பு இருக்காது. இந்த இடத்துல மழையும் படாது. இது ஊர் போர் தண்ணி. யாரோ இது மேல தினமும் தண்ணி அடிக்கறாங்க."

"ஆன்டெனாவுக்குக் குளியலா?"

ராசாத்தி பதில் சொல்லாமல் தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டுக்காரி ரங்கம்மா வாசலில் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்து இறங்கியதிலிருந்து அதே குண்டானைத்தான் தேய்க்கிறாள்.

"ஏம்மா, போன புதன்கிழமை, பதினாறாம் தேதி, இந்தத் தெருவுல என்ன நடக்கலை?"

"என்ன நடந்துச்சுன்னா கேக்கறீங்க?"

"நடந்ததைக் கேக்கலை. தினம் நடக்கறதுல அன்னிக்கு எது நடக்கலை?"

"அட, தண்ணி வரலைங்க! மோட்டாரு புகைஞ்சு போச்சு. ஒரு நாள் பூரா ஒரு சொட்டு இல்லை. தூக்கிக் குடிக்கத்தான் ஆளுக்கு ரெண்டு கொடம் கெணத்துல சேந்திக்கிட்டு வந்தோம்."

முனிராஜ் தலையைச் சொறிந்தான். "தண்ணி வராத அன்னிக்கு இன்டர்நெட்டு வந்துச்சு. தண்ணி வர்ற அன்னிக்கு இன்டர்நெட்டு வரலை. ரெண்டுத்துக்கும் ஒரே பைப்பா?"

ரங்கம்மா சிரித்துவிட்டாள். அவன் ஒரு விரலை நீட்டிக்கொண்டான்.

"அந்தக் கொட்டகையில தண்ணி புழங்கறது யாரு?" என்றாள் ராசாத்தி.

"யாரு, மாரம்மாதான். அந்தப் பொண்ணோட மாமியாரு." ரங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது. "புள்ள ராஜசேகரு போனதிலேருந்து அதுக்குப் புத்தி ஒரு நிலையில இல்லீங்க. செகண்ட் ஷிப்டுக்குப் பைக்ல போனவன், ஹைவேயில லாரி அடிச்சுப் போட்டுடுச்சு. அன்னியிலேருந்து மருமககிட்ட ஒரு பேச்சு கிடையாது. புழு வளர்க்கறதையும் நிறுத்திடுச்சு. கொட்டகையைச் சென்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இப்பப் புழு இல்லாத கொட்டகைக்குப் புழுவுக்குப் பண்ணின மாதிரியே எல்லாம் பண்ணுது. சிலபேரு வேற மாதிரியும் சொல்றாங்க."

"என்னான்னு?"

"வந்தவ புள்ளையை முழுங்கிட்டான்னு மனசுல இருக்குதாம். கொட்டகையைத் திருப்பிக் கேக்க வாய் வரலை, அதான் சென்டரு ஓடாம இருக்க ஏதோ பண்ணுதுன்னு."

அப்போது தெருவில் பொத்தென்று ஒரு ஓசை. ஈரம் எதன்மேலோ அடித்த ஓசை. கொட்டகைக்குள்ளிருந்து சுசித்ராவின் குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்:

"போயிடுச்சுங்க."

மணி ஒன்று ஐம்பது.

மேற்குச் சுவரையே காணவில்லை. சுருட்டியிருந்த சாக்குகள் எல்லாம் கூரை விளிம்பிலிருந்து தரை வரைக்கும் தொங்கின. அவற்றின் முன்னே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, காலடியில் வாளி, கையில் சொம்பு. அள்ளி அள்ளி உச்சியில் அடித்தாள். வந்தவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ராசாத்தி தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பார்வையை ஓட்டினாள். புழு வளர்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் மேற்குப் பக்கத்தில் அதே மாதிரி ஈரச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் புழு வெந்து போகாமல் இருக்க இந்த ஊர் செய்கிற வேலை. தினம் பார்ப்பது என்பதால் யாரும் பார்க்கவில்லை.

"முனிராஜு, ஆன்டெனா இருக்கற இடத்துச் சாக்கைத் தூக்கிப் புடி."

தூக்கினான்.

"வந்துடுச்சுங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.

"விடு."

"போயிடுச்சுங்க."

"தூக்கு."

"வந்துடுச்சுங்க."

"அக்கா, கை வலிக்குது. நான் இப்படியே நின்னா ஊருக்கே இன்டர்நெட்டு, எனக்கு மட்டும் இல்லை."

"சுசித்ரா, காஞ்ச சாக்குல டவர் அலை நுழைஞ்சு போயிடும். சொட்டச் சொட்ட நனைஞ்ச சாக்குல போகாது. அனல் காத்தடிச்சா சீக்கிரம் காயும், சீக்கிரம் வரும். மப்பா இருந்தா ஆறு மணி ஆகும். தண்ணி இல்லாத நாள்ல சாக்கும் நனையலை. உங்க டெக்னீஷியன் வர்றதோ காலையில. அப்போ எல்லாம் சுருட்டி மேலே கட்டியிருக்கும்."

"எங்க டெக்னீஷியனா?" என்று பின்னால் குரல் கேட்டது.

பூபதி வந்துவிட்டார். மூன்று மணி என்று சொன்னவர் இரண்டு மணிக்கே ஜீப்பை நிறுத்திவிட்டு, கையில் நீளக் கவரோடு நின்றிருந்தார்.

"கேட்டேன், எல்லாம் கேட்டேன். பிரமாதம்! அப்ப பொண்ணு இல்லை, மாமியார். கொட்டகைச் சொந்தக்காரங்களே இடைஞ்சல் பண்றாங்க. இன்னும் சுலபமாப் போச்சு. பொண்ணு மேல தப்பில்லைன்னு எழுதிடறேன். ஆனா சென்டரை இங்க வெக்க முடியாதும்மா. இன்னைக்கே தகடு எல்லாத்தையும் கழட்டிடலாம்."

"பொண்ணு?"

"பாரூர்ல உள்ளூர் ஆளைத்தானே போடணும்."

ராசாத்தி சுவரில் இருந்த ஜன்னலைப் பார்த்தாள். சாக்குக்குப் பின்னால் அது திறந்துதான் இருந்தது. உள்ளே விசைப்பலகை தட்டும் ஓசை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எழுதறதுக்கு முந்தி அஞ்சு நிமிஷம் குடுங்க சார். ஏன்னு கேக்கணும்."

"நான் கேட்டுட்டேன் அக்கா" என்றான் முனிராஜ். "தமிழ்ல கேட்டேன், தெலுங்குல கேட்டேன், கன்னடத்துல கேட்டேன். மூணு பாஷையிலயும் பேச மாட்டேங்கறாங்க."

ராசாத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ரங்கம்மா வீட்டுச் சொம்பை வாங்கினாள். மாரம்மாவுக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி நின்று, வாளியில் மொண்டு சாக்கின் அடியில் ஊற்றினாள். தண்ணீர் நேராக மண்ணில் போயிற்று. மறுபடியும் மொண்டு அடியிலேயே ஊற்றினாள். மறுபடியும்.

"மேலேர்ந்து ஊத்தணும்" என்றாள் மாரம்மா.

முனிராஜ் பூபதியின் கையை அழுத்தி, பேசாதீர்கள் என்று ஜாடை காட்டினான். தப்பாக வேலை செய்கிறவரைப் பார்த்துக்கொண்டு வேலை தெரிந்தவர் சும்மா இருக்க மாட்டார் என்பது கம்பெனி வாசலில் ராசாத்தி படித்த பாடம்.

"மேலேர்ந்தா?"

"அப்பத்தான் பூரா எறங்கும். கீழே ஊத்தினா தரைதான் குடிக்கும்."

ராசாத்தி மேலேயிருந்து ஊற்றினாள். இரண்டு சொம்பு. பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏம்மா, உள்ளே புழு இல்லையே?"

"இல்லை."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதா? நான்தானே தட்டு எல்லாம் கழுவிக் கவுத்தேன்." மாரம்மா சொம்பை நிறுத்தவில்லை. "ஊர்ல பைத்தியம்ங்கறாங்க. சொல்லிக்கட்டும்."

"அப்ப யாருக்கு இவ்வளவு தண்ணி?"

"பொண்ணு இருக்குதில்ல உள்ளே."

மாரம்மா இன்னொரு சொம்பு மொண்டு அடித்தாள்.

"ஃபேனு போடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டாங்க. ஒரு மணிக்குக் கரண்டு போயிடுது. மேலே ஷீட்டு. புழுவா இருந்தா ரெண்டு நாள்ல சுருண்டு விழுந்திருக்கும். அது வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாது. காலையில போய் உக்காந்தா சாயங்காலந்தான் எழுந்து வருது. வெந்து போச்சுன்னா?"

"அதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லலாமே. எட்டு மாசமாப் பேசறதில்லையாமே?"

மாரம்மா மொண்ட தண்ணீரை அடிக்காமல் சொம்போடு நின்றாள்.

"என்னான்னு பேசறது? அன்னிக்குப் புழு கடைசித் தீனியில இருந்துச்சு. மல்பெரித் தழை பத்தலை. ஒரு கட்டு அறுத்துக் குடுத்துட்டுப் போடான்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். கம்பெனி பஸ்ஸு போயிடுச்சு. பைக்ல போனான். பஸ்ல போயிருந்தா வந்திருப்பான். அதை எந்த வாயால அதுகிட்டச் சொல்றது? புழு எல்லாம் நல்லாத்தான் கூடு கட்டுச்சு. நல்ல வெளைச்சல்."

கடைசி இரண்டு வாக்கியத்தையும் முதலில் சொன்னவற்றைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். பிறகு சொம்புத் தண்ணீரை உச்சியில் அடித்தாள்.

உள்ளே விசைப்பலகை ஓசை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ராசாத்தி மட்டும் கவனித்திருந்தாள். பஸ்ஸு போயிடுச்சு என்ற இடத்தில்.

அவளுக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருஷம் அழுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், திட்டுகிறவர்கள் எல்லோரையும் ஒரே கையால் தடவி அனுப்பியதில் அந்த வழக்கம் போய்விட்டது. சொம்பைக் கொண்டுபோய் ரங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"முனிராஜு, அந்த ஆன்டெனாவைக் கழட்டு. ஒயர் சுருள் மிச்சம் இருக்கு பாரு. கூரைக்கு மேல சோலார் தகடு நிக்கற இரும்புச் சட்டத்துல கட்டு. டவரைப் பார்க்கற மாதிரி."

"அக்கா, நான் வண்டி ஓட்டற ஆளு."

"இன்னைக்கு டெக்னீஷியன்."

பக்கத்து வீட்டு ஏணியை வைத்து ஏறினான். ஷீட் சுடுகிறது என்று தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை கத்தினான். கீழே சாக்குகள் சொட்டிக்கொண்டு தொங்கின. மேலே ஆன்டெனா கம்பியில் ஏறியது. கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று ராசாத்தி கை காட்டினாள்.

"வந்துடுச்சா?" என்று கேட்டான்.

 பூபதி வாசல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பச்சை லைட்டு எரியுது" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டு அம்பது. சாக்கு ஈரமா இருக்கு. லைட்டு எரியுது." நம்ப முடியாதவர்போல அதை மூன்றாம் முறையும் சொன்னார். "சரிம்மா. மேலிடத்துக்கு அறிக்கை எழுதணுமே. யார் மேல தப்புன்னு எழுதறது?"

"ஆன்டெனா தாழ்வா மாட்டியிருந்தது, தூக்கிக் கட்டியாச்சுன்னு எழுதுங்க."

"அதுக்குப் பொறுப்பு?"

"நாலு தடவையும் காலையில வந்துட்டுக் காலையிலேயே போனாரே, அவரு."

"நாளைக்குக் காலையில வரச் சொல்லி ஒழுங்கா முறுக்கச் சொல்றேன்."

"காலையில வேண்டாம் சார். மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு வரச் சொல்லுங்க. வந்து ரெண்டு மணி நேரம் ஃபேன் இல்லாம உள்ளே உக்காரட்டும். அப்புறம் ஃபேன் போடக் கூடாதுங்கற நோட்டீஸை அவரே கிழிச்சுடுவாரு."

பூபதி சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். வியர்வை காதோரம் வழிந்தது. கையிலிருந்த கவரை நாலாக மடித்தார், அதனாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். உள்ளே இருந்த கடிதத்தை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

முனிராஜ் உள்ளங்கையை ஊதிக்கொண்டே இறங்கி வந்தான்.

"அக்கா, இன்னைக்கு எனக்கு ஆறு சிரிப்பு பாக்கி."

"வண்டியை எடு."

அவன் வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைக்கக் காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

சாக்குக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் ஒரு கை தெரிந்தது. அது உள்பக்கத்திலிருந்து சாக்கைத் தடவி, ஒரு மூலையில் வந்து நின்றது. மாரம்மா காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அத்தே."

மாரம்மா நின்றாள்.

 எதிர்வீட்டு ரங்கம்மாகூடக் குண்டானைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"இந்த மூலை காஞ்சுடுச்சு அத்தே" என்றாள் சுசித்ரா.

மாரம்மா வாளியோடு திரும்பினாள். குழாயடிக்குப் போனாள். வாளி நிறையும் ஓசை கேட்டது.

முனிராஜின் வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. தெருமுனை திரும்புகிறபோது ராசாத்தி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மாரம்மா மேலேயிருந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.